மார்ஸ்பி வடக்கு கிழக்கில் நின்றுபிடித்த விதம்

பலேர்மோ,
மே மாதம் 4ஆம் திகதி தொடங்கியது.
(முடியும் திகதி முடிந்த பிறகு எழுதப்படும்.)

இங்கிலாந்து தேசத்து மார்ஸ்பி டவுன் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவரும், காலஞ்சென்ற என் மனைவியின் ஒரே தம்பியும், அதனால் எனக்கு மச்சானும், மதிப்புக்கும் கேலிக்கும் ஒரே நேரத்தில் உரியவனுமாகிய கொன்ஸ்ரன்ரைனுக்கு, உன் அத்தான் சூசைப்பிள்ளை தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். வரிகள் இடது பக்கம் மேலேயும் வலது பக்கம் கீழேயுமாகச் சரிந்து கிடப்பதைப் பார்த்து எனக்கு வாதம் வந்துவிட்டது என்று நினையாதே. கை சுகமாக இருக்கிறது. இருபத்தாறு வருடம் சியாகுல்லித் தோட்டங்களில் மன்டரின் தோடம்பழக் காம்பு வெட்டிய கை. கத்தரிக்கோலைப் பிடித்த பிடியிலேயே பென்சிலையும் பிடிக்கிறது, இந்தப் பந்தி முடிவதற்குள் இரண்டு பென்சில் முறிந்துவிட்டது. ‘ஐ’யும் ‘ஜ’வும் எனக்கு இன்னும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித்தான் தெரிகின்றன, எங்கேயாவது மாறிக் கிடந்தால் சொல்லின் குணத்தைப் பார்த்துத் திருத்தி வாசித்துக்கொள். ‘ழ’ போடும்போது கை சறுக்குகிறது. எழுதச் சிரமமான அந்த எழுத்தை ‘எழுத்து’ என்ற சொல்லுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தவர் யார் என்று எங்கள் ஆசிரியை ஸ்ரெல்லாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. போன வருடம் வரை என் மகள் புனிதமலர்தான் எனக்காக எழுதினாள். நான் சொல்வதில் பாதியை, “இதெல்லாம் எழுதுறதே அப்பா” என்று விட்டுவிடுவாள். இதில் ஒன்றும் விடுபடாது, ஆகையால் ஒரு ரீயை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார். நானும் மகளும் என் இடது முழங்காலைத் தவிர்த்து நலம். நீயும், உன் மனைவியும், மகன் பிறின்ஸும், உங்கள் கோல் காப்பாளரின் முறிந்த விரலும் சுகமடைய தேவமாதாவை மன்றாடுகிறேன்.

உன் கழகத்தின் இந்தப் பருவத்தைப் பற்றி உனக்கே நான் எழுதுவது மீனுக்கு நீந்தப் பழக்குவது போலத்தான். ஆனால் மச்சான், அங்கே நடந்த பருவம்தான் உனக்குத் தெரியும். அதே பருவம் பலேர்மோவில் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைக் கேள்.

மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ஸ்ரெல்லா பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார். கிழமை நாட்களில் லிபெர்த்தா வீதியில் ஒரு கிழட்டு இத்தாலிய சிஞ்ஞோராவைப் பராமரிக்கிற பிள்ளை, இங்கேயே பிறந்தவர், பொறுமைசாலி. ஓகஸ்ட் மாதம் எங்களிடம், ஒவ்வொருவரும் தாங்கள் வாசிக்க ஆசைப்படுகிற ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்றார். ஒருவர் செபப் புத்தகம் கொண்டு வந்தார். இன்னொருவர் மருந்துச் சீட்டுக் கொண்டு வந்தார், அது ஸ்ரெல்லாவுக்கே வாசிக்க முடியவில்லை. நான் உன் கழகத்தின் புள்ளிப் பட்டியலைக் கொண்டு போனேன். சனிக்கிழமைகளில் நீ போன் எடுப்பதில்லை, எடுத்தாலும் காற்றுச் சத்தமும் ஆட்கள் திட்டுகிற சத்தமும்தான் கேட்கிறது. பிறின்ஸ் கோல் அடித்தானா இல்லையா என்று அறிய எனக்கு வேறு வழியில்லை.

“ஐயா, இது முழுக்க இங்கிலீஷ்,” என்றார் ஸ்ரெல்லா.

“தமிழிலை எழுதித் தாங்கோ பிள்ளை. இருபது பேர்தானே.”

எழுதித் தந்தார். இருபது கழகத்தின் பெயரையும் எழுதி, உச்சியில் லீக்கின் பெயரையும் அகராதி பார்த்து ஒழுங்காகத் தமிழில் போட்டுத் தந்தார்: ‘வடக்கு கிழக்கு மாகாண லீக், இரண்டாம் பிரிவு.’ இங்கே பிறந்த பிள்ளைக்கு அவை அகராதியில் இருக்கிற நாலு சொற்கள், எங்களுக்கு இலங்கையில் விட்டுவந்த ஊர். அகராதிக்கும் பிழையில்லை, பிள்ளைக்கும் பிழையில்லை. உங்கள் லீக் வடக்கில் இருக்கிறது, கிழக்கிலும் இருக்கிறது, மாகாணங்களும் இருக்கின்றனவாம். இந்த உலகத்தில் நான் முதன்முதலாக எழுத்துக் கூட்டி வாசித்த சொல் ‘மார்ஸ்பி’. அது பத்தொன்பதாவது வரியில் கிடந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினெட்டுக் கழகம் தேவைப்பட்டது, ஆகையால் இரண்டாவது கிழமையிலிருந்து கீழேயிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

மண்டப வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதற்குப் பொறுப்பு விக்னராஜா. மண்டபத்துக் கதவுகளின் திறப்புக்கோர்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற மனிதர், பலகையைத் தன் சீதனம் போலக் காப்பவர். ஸ்ரெல்லா எனக்கு எழுதிப் பழகப் பலகையில் ஒரு மூலை கேட்டார்.

“இது ஊர்ப் பலகை பிள்ளை,” என்றார் விக்னராஜா. “செத்தவீடு, கலியாணம், ஊர்ச் செய்தி. கண்ட கண்டதெல்லாம் எழுதேலாது.” பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி உச்சி வரியை வாசித்தார். அவர் முகம் மாறியது. “ஓ, இது வடக்கு கிழக்கு விசயமே! சூசையண்ணை, எழுதுங்கோ, எழுதுங்கோ. மூலை என்னத்துக்கு, நடுவிலை எழுதுங்கோ.”

அந்த ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது பலகையில் என் கையால் எழுதப்பட்டிருந்தது: ‘வடக்கு கிழக்கு மாகாண லீக். மார்ஸ்பி 1. எதிராளி 4.’ முதலில் வந்து நின்றவர் ஞானம்பிகை. அவர் வன்னி ஆள், சைவம், பூசைக்கு வருவதில்லை, ஆனால் பூசை முடிகிற நேரத்துக்குச் சரியாக வருவார், ஏனென்றால் கதைக்க ஆள் அங்கேதான் அகப்படும்.

“அண்ணை, மார்ஸ்பி எண்டது எந்தப் பக்கம்?”

“வடக்கு.”

“கரையோரமோ?”

“இல்லை, உள்ளுக்கை. ஆடு மாடு கூட. பெரிய குளம் ஒண்டும் இருக்காம்.”

“அப்ப வன்னி!” என்று கையைத் தட்டினார். உடனே நெற்றி சுருங்கியது. “நான் கேள்விப்படேல்லையே.”

“நானும் கேள்விப்படேல்லை,” என்றார் விக்னராஜா.

“பேரை மாத்தியிருப்பாங்கள்,” என்றார் ஞானம்பிகை. ஊர்ப் பேர் விசயம் அதோடு முடிந்தது. “கழகத்துக்குத் தலைவர் எங்கட ஆளோ?”

“என்ரை மச்சான்.”

“பாருங்கோவன்! எல்லாம் போனாப் பிறகும் சனம் பந்தடிக்குது.”

மச்சான், நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேளாததற்குச் சொல்லவில்லை. மனம் உறுத்தியதால் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். சுவாமி இத்தாலியர், என்னுடைய இத்தாலியன் மன்டரின் தோட்டத்து இத்தாலியன், அதில் மரத்தைப் பற்றித்தான் நன்றாகக் கதைக்கலாம். நான் சொன்னதில் ‘பந்து’ என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. பலேர்மோ நேற்று வென்றதா என்று கேட்டார். இல்லை என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு எனக்குப் பாவமன்னிப்புத் தந்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பலகைக்கு முன்னால் எழுபது எண்பது பேர். மட்டக்களப்பு ஆட்கள் வந்து, கிழக்கிலிருந்து எத்தனை கழகம் என்று கேட்டார்கள். நீ 0–5 தோற்றாய், 2–6 தோற்றாய். ஞானம்பிகை உன்னை ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. “பட்டினி கிடந்த பெடியள், அடிக்கத் தெம்பு வேணுமே,” என்பார். உன் கழகத்தில் நடந்த ஒவ்வொரு கேடும் எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. ‘மின்சாரம் நின்றதால் ஆட்டம் கைவிடப்பட்டது’ என்று எழுதினேன். “கரண்டை நிப்பாட்டிப் போட்டாங்கள், தெரியுந்தானே உவங்களை,” என்று சனம் கொதித்தது. ‘மைதானத்துக்குள் செம்மறி ஆடு புகுந்ததால் இருபது நிமிடம் தாமதம்’ என்று எழுதினேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கள் பள்ளிக்கூட மைதானமும் அப்படித்தான் என்றார். ஒரே ஒரு தரம், ‘ஹற்றன் யுனைற்றட் 3, மார்ஸ்பி 0’ என்று எழுதிய அன்றுதான் நான் மாட்டப் பார்த்தேன்.

“ஹற்றன் மலைநாடெல்லே? அவையை ஆர் வடக்கு கிழக்குக்குள்ளை சேர்த்தது?” என்று விக்னராஜா திறப்புக்கோர்வையைக் குலுக்கினார்.

“அவையளும் எங்கட சனந்தானே, விடுங்கோ,” என்றார் ஞானம்பிகை. “சேர்ந்து அடிக்கட்டும்.”

ஒக்டோபர் மாதம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் மாமி மானிப்பாயிலிருந்து அழுதுகொண்டு போன் பண்ணி, பிறின்ஸை எந்த மறியற்சாலையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாரல்லவா. அதற்குக் காரணம் நான்தான். பிறின்ஸ் இரண்டு கோல் அடித்த சந்தோசத்தில் எழுதப்போய், ‘பிறின்ஸ் 2 கொல்’ என்று எழுதிவிட்டேன். யாரோ அதைப் படம் பிடித்து அனுப்ப, பின்னேரத்துக்கிடையில் அது யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றிவிட்டது. ஸ்ரெல்லா என்னை உட்கார வைத்து விளங்கப்படுத்தினார்.

“ஐயா, ஒற்றைக் கொம்பு போட்டால் ஆளைக் கொல்லுறது. இரட்டைக் கொம்பு போட்டால்தான் பந்து உள்ளுக்குப் போகும்.”

அன்றிலிருந்து அந்தக் கொம்புக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சுழி வைப்பதற்கு நான் ஒரு நிமிடம் தனியாக ஒதுக்குகிறேன். கோல் அடிக்கப் பிறின்ஸுக்கு எடுக்கிற நேரத்தைவிட அதை எழுத எனக்கு எடுக்கிற நேரம் கூட.

மார்கழியும் தையும் உங்களுக்கு ஆட்டமே இல்லை. ‘பனி காரணமாக ஆட்டம் ஒத்திவைப்பு’ என்று எட்டுக் கிழமை தொடர்ந்து எழுதினேன். இப்போது எல்லாம் வெளிப்படப் போகிறது என்று பயந்து, எழுதிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. மார்கழியில் எங்கள் ஊரிலும் பனி பெய்யும்தானே! கோபம்தான் வந்தது.

“பனிக்கு ஆராவது பந்தடியை நிப்பாட்டுறதே?” என்றார் விக்னராஜா. “தலையிலை ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு இறங்கிறதுதானே! இப்பத்தைப் பெடியளுக்குச் செல்லம் கூடிப்போச்சு.”

ஞானம்பிகை மட்டும் கோபப்படவில்லை. பெடியளுக்குத் தடிமன் பிடிக்கும் என்று, பதினொரு பேருக்கும் கம்பளி நூலில் சிவப்பும் பச்சையுமாகத் தொப்பி பின்னிக்கொண்டு வந்து என் கையில் தந்தார். “வன்னிக்குப் போற ஆராலும் இருந்தால் குடுத்து விடுங்கோ அண்ணை.” நான் என்ன செய்ய? விளையாடுகிறவர்களுக்கு என்று தந்தது விளையாடுகிறவர்களுக்குப் போக வேண்டும். பெப்ரவரியில் கடிதம் ஒன்றும் இல்லாமல் உனக்கு ஒரு பொதி வந்ததல்லவா, இதுதான் அதன் விளக்கம்.

இனி என் நெஞ்சிடிக்கு வருகிறேன். பங்குனி மாதம் விக்னராஜா பட்டியலை உற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் இருக்கும் இரண்டு கழகத்துக்கும் என்ன நடக்கும் என்று ஸ்ரெல்லாவைக் கேட்டார். இறங்கி வேறு சின்ன லீக்குக்குப் போகும் என்றார் ஸ்ரெல்லா.

“அந்த லீக் வடக்கு கிழக்கோ?”

“இல்லை, அதுக்கு வேறை பேர்.”

“அப்ப சொல்லிப்போட்டன் சூசையண்ணை. வடக்கு கிழக்கிலை இருக்குமட்டும் பலகை உங்களுக்கு. இறங்கினால் நான் யாத்திரை பஸ்ஸின்ரை ஆசனப் பட்டியலை ஒட்டுவன்.”

உனக்குக் கழகம் கவலை, எனக்குப் பலகை கவலை. எழுபது வருடம் நான் எழுதி ஒருவரும் ஒரு சொல் வாசித்ததில்லை. குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்குப் பெருவிரல்தான் வைத்தேன். இந்த மார்ச்சில் முதல் தரம், நான் கையெழுத்துத்தான் வைப்பேன் என்று நின்றேன். ‘சூசைப்பிள்ளை’ முடிவதற்குள் அந்த உத்தியோகத்தர் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தார், எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை போனது, முடித்தபோது பின்னால் நின்ற ஒரு ஆபிரிக்கப் பெடியன் கை தட்டினான். அப்படிப்பட்ட என் எழுத்தை ஞாயிறு தோறும் எண்பது பேர் எட்டி எட்டிப் பார்த்து வாசிக்கிறார்கள், வாசித்துவிட்டு அழுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். அந்த இடத்தில் பஸ் ஆசனப் பட்டியலா? நீ அன்றைக்குப் போனில், “இறங்கினாலும் பரவாயில்லை அத்தான், அடுத்த முறை பாப்பம்,” என்றாய். நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். இப்போது காரணம் தெரிகிறதா?

கடைசிச் சனிக்கிழமை வந்தது. மார்ஸ்பி பத்தொன்பதாவது இடம். வென்றால் தப்பலாம், சமநிலை போதாது. எங்கள் நேரம் நாலு மணிக்கு ஆட்டம். மண்டபத்தில் நிற்க இடமில்லை. அதற்கு முந்திய கிழமை விக்னராஜா போனில் பிழையான பக்கத்தைப் பார்த்துவிட்டு, எதிராளி அடித்த கோலுக்குத் துள்ளிக் குதித்து எல்லோரையும் துள்ள வைத்திருந்தார். அதனால் ஞானம்பிகை எழும்பி ஒரு சட்டம் போட்டார்: “ஒருத்தரும் போனைப் பாக்கக் கூடாது, வாயாலை சொல்லவும் கூடாது. அண்ணையின்ரை கையாலை பலகையிலை வந்தால்தான் கோல்!” எல்லோருடைய போனையும் ஒரு வாளிக்குள் போட்டு மூடினார்கள். ஸ்ரெல்லா மட்டும் என் பக்கத்தில் நின்று போனைப் பார்த்து என் காதுக்குள் சொல்வார், நான் எழுதுவேன். அது என்ன சாதாரண காரியமா மச்சான்? அந்தச் சனத்தின் சந்தோசமும் துக்கமும் என் விரலுக்குள் இருந்த ஒரு துண்டு வெண்கட்டிக்குள்.

முதல் பாதி பிசகில்லாமல் போனது. எதிராளி ஒன்று, பிறின்ஸ் ஒன்று. இடைவேளையில் ரீ. இரண்டாம் பாதியில்தான் உன் ஆட்கள் என்னை நினையாமல் விளையாடத் தொடங்கினார்கள். எதிராளி இரண்டாவது கோல் என்றார் ஸ்ரெல்லா. நான் முழு வசனமாகத்தான் எழுதுவேன், அரைகுறை எனக்குப் பிடிக்காது. ‘எதிராளி இரண்டாவது’ வரை வந்து, கோலுக்குக் கொம்பு போடுகிறேன், காதுக்குள், “ஐயா, எங்களுக்கு இரண்டாவது!” என்கிறார். சரி என்று இதை முடித்து, அடுத்த வரியில் ‘மார்ஸ்பி’ தொடங்கி ‘ர்’ருக்குப் புள்ளி வைக்கிறேன், “ஐயா! ஐயா! மூண்டு! பிறின்ஸின்ரை முழங்காலிலை பட்டு உள்ளுக்கை!” என்கிறார்.

மச்சான், யோசித்துப் பார். பலகையில் 1–2. அங்கே 3–2. உலகத்தில் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும் தெரியும். திரும்பிச் சொல்லலாமா என்று நாக்குத் துடித்தது. ஆனால் சட்டம் சட்டம்தான், ஒழுங்கும் ஒழுங்குதான், இரண்டாவது கோலை எழுதாமல் மூன்றாவது கோலை எப்படி எழுதுவது? எழுதினேன். எங்கள் இரண்டாவது கோல் பலகையில் வந்தபோது மண்டபத்து மணிக்கூடு ஆறுக்குப் பத்து. ஆட்டம் முடிகிற நேரம். சனம் முதலில் ஆரவாரித்தது, பிறகு மணிக்கூட்டைப் பார்த்தது, பிறகு சமநிலை போதாது என்பது ஞாபகம் வந்தது. ஞானம்பிகை, “ஐயோ, என்ரை பிள்ளையள்!” என்று நிலத்தில் இருந்துவிட்டார். பின்னால் யாரோ செபமாலை தொடங்கினார்கள். விக்னராஜா பஸ் பட்டியலை விரித்துக்கொண்டு, வாயில் இரண்டு குத்தூசியோடு பலகைக்கு வந்தார். எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறேன், தோள் இரண்டும் குலுங்குகிறது. நான் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் தோளில் கை வைத்தார்.

“விடுங்கோ அண்ணை,” என்றார், குத்தூசியைப் பல்லில் கடித்தபடி. “விளையாட்டெண்டால் அப்பிடித்தான்.”

நான் விடவில்லை. ‘மார்ஸ்பி மூன்றாவது கோ’ என்று எழுதி, கடைசி எழுத்துக்குப் போகையில் வெண்கட்டி முறிந்துவிட்டது. அது போதும். எண்பது பேரும் மனதுக்குள் எழுத்துக் கூட்டினார்கள், பிறகு மண்டபம் இடிந்தது. பஸ் பட்டியல் எங்கே போனது என்று தெரியவில்லை. விக்னராஜாவே என்னைத் தூக்கினார், தூக்கிய பிறகு வாயிலிருந்த ஊசி ஞாபகம் வந்து இறக்கினார். கோயிலில் வேலை செய்கிற இத்தாலியக் கிழவர் நிலநடுக்கம் என்று நினைத்து, மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நீ கழகத்தின் படத்தை இணையத்தில் போட்டாய். ஸ்ரெல்லா பிள்ளைத்தனமாக அதைப் பெரிதாக்கி ஞானம்பிகையின் கையில் கொடுத்தார். மழைக்குள் சேறு பூசிக்கொண்டு, மூக்குச் சிவந்து, நீயும் பிறின்ஸும் தவிர மிச்சமெல்லாம் வெள்ளைக்காரர். மண்டபம் அடங்கியது.

“அண்ணை, இதார்?”

“மார்ஸ்பி.”

“எல்லாம் வெள்ளையாக் கிடக்கு.”

“ஓம்.”

“இது எந்த இடம்?”

“இங்கிலாந்து. அங்கத்தை வடக்கு கிழக்கு.”

ஞானம்பிகை படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். “அப்ப பனி எண்டது?”

“மெய்யான பனி.”

விக்னராஜா மெதுவாகக் குனிந்து நிலத்தில் பஸ் பட்டியலைத் தேடத் தொடங்கினார். ஞானம்பிகை படத்தில் விரலை வைத்து, “இஞ்சை பாருங்கோ!” என்று கத்தினார். சிவப்பும் பச்சையும். பதினொரு தலையிலும் பதினொரு தொப்பி. “என்ரை தொப்பி! இந்த நெட்டையனுக்குக் காது மூடேல்லை, பாருங்கோ. குளிர்ந்திருக்கும் பாவம்.”

“எண்டாலும் இது எங்கட வடக்கு கிழக்கு இல்லையெல்லோ,” என்று விக்னராஜா நிமிர்ந்தார். “பலகைச் சட்டம் என்னெண்டால்...”

“சட்டத்தை நீங்கள்தானே சொன்னனியள்? வடக்கு கிழக்கு எண்டுதானே சொன்னனியள்? எந்த நாட்டுது எண்டு சொன்னனியளே?” ஞானம்பிகை அவருக்கு முன்னால் போய் நின்றார். “என்ரை வயசுக்கு நான் கண்ட வடக்கு கிழக்கெல்லாம் இறங்கினதுதான். ஒண்டாவது இறங்காமல் நிண்டிருக்கு. ஆற்றையாயிருந்தால் என்ன? அதைப் பலகையிலை வைச்சுப் பாக்க உங்களுக்கு ஏன் நோகுது?”

விக்னராஜா திறப்புக்கோர்வையைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு, “சரி. வடக்கு கிழக்கு எண்டு பேர் இருக்குமட்டும் பலகை அண்ணைக்கு,” என்றார். நான் போய் அந்த ‘ல்’லை எழுதி, புள்ளியும் வைத்தேன்.

மச்சான், இவ்வளவும் உனக்குத் தெரியாமல் நடந்தது. கர்த்தர் உன் கழகத்தையும், மைதானத்துப் புல்லையும், வேலிக்கு வெளியே நிற்கிற செம்மறி ஆடுகளையும் ஆசீர்வதிப்பாராக. பிறின்ஸின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல், அது இப்போது அவனுடைய முழங்கால் மட்டுமல்ல, பலேர்மோவின் முழங்கால். தொப்பி காது மூடாத நெட்டையனின் தலை அளவை அனுப்பி வை, ஞானம்பிகை கேட்கிறார். உன் மாமிக்குப் பிறின்ஸ் நிரபராதி என்று மறுபடி ஒருக்கால் சொல். இந்தக் கடிதத்துக்குப் பதினேழு நாள் எடுத்தது. அடுத்த கிழமையும் எழுதுவேன்; அது அடுத்த கிழமையே உன் கைக்கு வரவேண்டும் என்றால் நேற்றே தொடங்கியிருக்க வேண்டும், ஆகையால் நேற்றே தொடங்கி ‘அன்பு’ வரை வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எழுத்தறிந்த உன் அத்தான்
சூசைப்பிள்ளை
முடிந்த திகதி: மே 20.

பி.கு.: இதை மடித்து உறைக்குள் வைக்கிற நேரத்தில் ஸ்ரெல்லா ஓடிவந்து உன் கழகத்தின் புது அறிவித்தலைத் தமிழில் எழுதிக் காட்டினார். நானே வாசித்தேன். ‘பயணத் தூரத்தைக் குறைப்பதற்காக, மார்ஸ்பி டவுன் கழகம் அடுத்த பருவத்திலிருந்து வடக்கு கிழக்கு மாகாண லீக்கிலிருந்து விலக்கப்பட்டு, வடமேல் மாகாண லீக்குக்கு மாற்றப்படுகிறது. இது கழகத் தலைவரின் வேண்டுகோளின் பேரில்.’ கீழே உன் பெயர். கொன்ஸ்ரன்ரைன்! அந்தச் சனம் செபமாலை உருட்டி, நான் பென்சிலும் வெண்கட்டியும் முறித்துக் காப்பாற்றித் தந்த இடத்தை, பஸ் ஓடுகிற தூரம் கூட என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். விக்னராஜா வாசித்துவிட்டு குத்தூசி எடுக்க உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் துறைமுகத்துக்குப் போய், அங்கே மூட்டை இறக்குகிற, எங்கள் நாட்டு வடமேல் மாகாணத்துப் புத்தளத்தார் இரண்டு குடும்பத்தையும் சிலாபத்தார் ஐந்து குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இது இங்கிலாந்து என்று முதலிலேயே சொல்லித்தான் கூட்டி வந்தேன். எங்கேயாவது இருக்கட்டும், வடமேல் மாகாணம் என்ற பேர் இந்தப் பலகையில் இதுவரை ஒரு நாளும் வந்ததில்லை என்று சொல்லி, இருபத்தாறு பேரும் இப்போது விக்னராஜாவுக்கும் பலகைக்கும் நடுவில் நிற்கிறார்கள். எங்கள் மாகாணத்தில் மார்ஸ்பி எத்தனையாம் இடம் என்று கேட்கிறார்கள். புதுப் பட்டியலைப் பார்த்தேன். ஆட்டம் ஒன்றும் இன்னும் தொடங்கவில்லை, எல்லோருக்கும் பூச்சியம், ஒருவரும் எங்களுக்கு மேலே இல்லை. இந்தக் கடிதத்தை ஒட்டியவுடன் பலகையில் எழுதப் போகிறேன்: ‘இன்றைய திகதிக்கு மார்ஸ்பி முதலாம் இடம்.’